வரதட்சணை என்று எழுதினால்தான் புகார் நிற்குமா?

மனைவியைக் கணவரோ அவர் வீட்டாரோ கொடுமைப்படுத்துவதைக் குற்றமாக்கும் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 498ஏ பிரிவைப் பற்றிப் பேச்செடுத்தால் போதும், தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இருக்கும் எங்கள் தமிழ் நண்பர் கூட்டம் இரண்டு கட்சியாகிவிடும். தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்து உம்லாங்காவிலும் வெஸ்ட்வில்லிலும் குடியிருக்கும் இளைஞர்களில் பலர், அந்தப் பிரிவு ஆண்களை மிரட்டிப் பணம் பறிப்பதற்கென்றே இயற்றப்பட்டது என்று நம்புகிறார்கள். 2024 டிசம்பரில் பெங்களூருவைச் சேர்ந்த ஒரு மென்பொருள் பொறியாளர், தன்மீது மனைவி தொடுத்த வழக்குகளைப் பற்றி நீண்ட கடிதமும் காணொளியும் விட்டுவிட்டு இறந்த பிறகு அந்த நம்பிக்கை கோபமாகவே மாறிவிட்டது. அவர்களுடைய மனைவியரோ, ஆண்டுதோறும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட வரதட்சணை மரணங்கள் பதிவாகும் நாட்டில் சட்டத்தைத் தளர்த்தச் சொல்ல எப்படி மனம் வருகிறது என்று கேட்கிறார்கள். நான்கைந்து தலைமுறையாக இங்கேயே பிறந்து வளர்ந்த சாட்ஸ்வொர்த் தமிழர்களுக்கு இந்தச் சண்டையே விளங்குவதில்லை. பெண்ணையும் கொடுத்துப் பணத்தையும் கொடுப்பது அவர்கள் கேள்விப்பட்ட வழக்கம்தானே தவிர, வீட்டில் கண்ட வழக்கமன்று.

சட்டம் தவறாகப் பயன்படுத்தப்படுகிறது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதைப் பெண்களின் பேராசை என்று ஒரு தரப்பும், ஆணாதிக்கத்தின் கட்டுக்கதை என்று மறுதரப்பும் சொல்லி முடித்துக்கொள்வதில் எனக்கு உடன்பாடில்லை. ஒரு பெண் எதைச் சொன்னால் காவல் நிலையமும் நீதிமன்றமும் காது கொடுக்கும் என்பதைச் சட்டமும் அதைக் கையாளும் வக்கீல்களும் சேர்ந்து முடிவு செய்துவைத்திருக்கிறார்கள். அவள் அதைச் சொல்கிறாள், அல்லது அவளுக்காக அது எழுதப்படுகிறது. பிறகு அந்த எழுத்து பொய் என்று அவளைக் குற்றம் சாட்டுகிறோம்.

வரதட்சணைத் தடை மசோதாவுக்காகத்தான் 1961 மே மாதம் இந்திய நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் முதன்முறையாகக் கூட்டாக அமர்ந்தன. அவ்வளவு பாடுபட்டு இயற்றிய சட்டத்தில் கொடுத்தவரும் குற்றவாளி, வாங்கியவரும் குற்றவாளி. பெண்ணைப் பெற்றவர் எந்தத் துணிச்சலில் புகார் கொடுப்பார்? அது ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஏட்டுச் சுரைக்காயாகவே கிடந்தது. 1970களின் கடைசியில் டெல்லியில் இளம் மனைவியர் ஸ்டவ் வெடித்து இறந்ததாக அடுத்தடுத்துச் செய்தி வரத் தொடங்கியபோது, 1979இல் தன் மகளைப் பறிகொடுத்த சத்யராணி சாதா போன்ற தாய்மார்களும் பெண்கள் இயக்கங்களும் தெருவில் இறங்கிப் போராடியதன் பயனாகவே 1983இல் 498ஏ பிரிவும், 1986இல் 304பி பிரிவும் வந்தன. கணவரோ அவருடைய உறவினரோ இழைக்கும் கொடுமைக்கு மூன்றாண்டு வரை சிறை என்பது முதலாவது. வாரன்ட் இல்லாமல் கைது செய்யலாம், ஜாமீன் உரிமையாகக் கிடைக்காது, இரு தரப்பும் சமாதானமாகப் போனாலும் வழக்கைத் திரும்பப் பெற முடியாது. திருமணமான ஏழாண்டுக்குள் ஒரு பெண் இயற்கைக்கு மாறான முறையில் இறந்து, அதற்குச் சற்று முன் வரதட்சணை கேட்டுத் துன்புறுத்தப்பட்டிருந்தால் குறைந்தது ஏழாண்டு சிறை என்பது இரண்டாவது. அந்தத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் எண்கள்தாம் மாறின, உள்ளடக்கம் பழையதே.

498ஏ பிரிவைப் படித்துப் பார்த்தால், அதில் கொடுமைக்கு இரண்டு விளக்கங்கள் இருப்பது தெரியும். பெண்ணைத் தற்கொலைக்குத் தூண்டக்கூடிய, அல்லது உயிருக்கோ உடலுக்கோ மனத்துக்கோ பெருந்தீங்கு விளைவிக்கக்கூடிய நடத்தை ஒன்று. சொத்து அல்லது பணம் கேட்டுத் துன்புறுத்துவது மற்றொன்று. முதல் விளக்கத்தில் வரதட்சணை என்ற பேச்சே கிடையாது. குடித்துவிட்டு அடிப்பவனும், மனைவியைப் பூட்டிவைப்பவனும், சந்தேகப் பேயும் அதற்குள் வந்துவிடுவார்கள். ஆனால் நடைமுறையில் அந்த விளக்கத்தை நிரூபிப்பது கடினம் என்பதாலும், பணம் கேட்டதாக எழுதினால் வரதட்சணைத் தடைச் சட்டத்தின் பிரிவுகளையும் சேர்த்துக்கொள்ளலாம் என்பதாலும், ஏறக்குறைய எல்லாப் புகார்களும் இரண்டாவது வழியிலேயே நடக்கின்றன. 304பி பிரிவிலோ வேறு வழியே இல்லை. மகள் இறந்த வீட்டில் வரதட்சணை என்று பெற்றோர் சொல்லாவிட்டால் அந்தப் பிரிவு பொருந்தாது.

இதைக் கண்கூடாகப் பார்த்த அனுபவம் எனக்கு உண்டு. கணவரின் வேலை விசாவை ஒட்டித் துணைவியாக வந்த மதுரைப் பக்கத்துப் பெண் ஒருவருக்கு, டர்பனில் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்துக்குத் துணையாகப் போனேன். அவருக்கு ஆங்கிலம் தடுமாற்றமாக இருந்ததால் நான் மொழிபெயர்க்க வேண்டியிருந்தது. தென்னாப்பிரிக்காவின் 1998ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டத்தின்கீழ் பாதுகாப்பு ஆணை கேட்கும் படிவம் அது. என்ன நடந்தது, எப்போது நடந்தது, காயம் உண்டா, வீட்டில் துப்பாக்கி உண்டா, குழந்தைகள் உண்டா, நீதிமன்றம் என்ன உத்தரவு போட வேண்டும் என்று அது கேட்டது. கணவர் எதற்காக அடித்தார் என்ற கேள்வி அதில் இல்லை. வெளிநாட்டிலிருக்கும் தம்பிக்கு அந்தப் பெண் பணம் அனுப்பினார் என்று கணவர் அவர் கையில் சூடு வைத்திருந்தார். செல்பேசியைப் பிடுங்கிக்கொண்டு, கடைக்குப் போகக் கையில் ஒரு ராண்டும் இல்லாமல் வைத்திருந்தார். உடல் வன்முறையைப் போலவே, காசு கொடுக்காமல் முடக்குவதும் இந்தச் சட்டத்தில் வன்முறைதான்; மனைவியைக் கட்டுப்பாட்டிலேயே வைத்திருக்கும் போக்கை 2021ஆம் ஆண்டுத் திருத்தம் அதில் இன்னும் தெளிவாகச் சேர்த்தது. கட்டணம் எதுவும் வாங்கவில்லை. இடைக்கால ஆணையோடு, கணவர் அதை மீறினால் மட்டும் உயிர்பெறும் கைது வாரன்ட் ஒன்றும் சேர்ந்து வந்தது.

சில வாரங்கள் கழித்து அந்தப் பெண் ஊருக்குத் திரும்பியதும், உறவினர்கள் பிடித்துக் கொடுத்த ஒரு வக்கீல் அவர் பெயரில் தட்டச்சு செய்த புகாரின் நகலை எனக்கு அனுப்பியிருந்தார். கையில் சூடு வைத்தது இரண்டு வரி. மீதிப் பக்கமெல்லாம், மாமனார், மாமியார், கோவையில் கட்டிக்கொடுத்த நாத்தனார் உட்பட எல்லாரும் சேர்ந்து பத்து லட்சமும் ஒரு காரும் கேட்டதாக இருந்தது. ‘இதெல்லாம் நீங்கள் சொன்னதா?’ என்று கேட்டேன். ‘இல்லக்கா, இப்படி எழுதினாத்தான் ஸ்டேஷன்ல எடுப்பாங்களாம்’ என்றார். உண்மையாக அடிபட்ட ஒருவர் இப்படித்தான் பொய்ப்புகார் கொடுத்தவராகிவிடுகிறார். நாத்தனாரின் வக்கீல் அந்தப் பத்து லட்சத்தைக் குறுக்கு விசாரணையில் கிழித்தெறியும் நாளில், சூட்டுத் தழும்பும் சேர்ந்தே கிழிபடும்.

புள்ளிவிவரங்களையும் இந்தக் கண்ணோடுதான் படிக்க வேண்டும். 2014இல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் எடுத்துக்காட்டிய கணக்கு இது: 2012ஆம் ஆண்டில் மட்டும் 498ஏ பிரிவில் 1,97,762 பேர் கைதானார்கள், குற்றப்பத்திரிகை தாக்கலானது 93.6 விழுக்காடு, தண்டனையில் முடிந்தது 15 விழுக்காடு. என்னோடு வாதாடும் தம்பிமார் கடைசி எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டு, மீதி 85 விழுக்காடும் பொய் என்கிறார்கள். வழக்கைத் திரும்பப் பெற முடியாத சட்டத்தில் சமாதானமாகப் போக விரும்பும் பெண் என்ன செய்வாள்? உயர் நீதிமன்றத்துக்குப் போய் வழக்கை ரத்து செய்யக் கேட்க வேண்டும், அல்லது சாட்சிக் கூண்டில் ஏறி எதுவும் நடக்கவில்லை என்று பிறழ்சாட்சியாக வேண்டும். செலவு குறைந்தது இரண்டாவதுதான். நகையும் ஜீவனாம்சமும் பேசி முடித்து, கையெழுத்தாகி, விவாகரத்தும் கிடைத்த வழக்குகள் கணக்கில் விடுதலை என்று ஏறுகின்றன.

அதே தீர்ப்பிலுள்ள இன்னொரு எண்ணைப் பெண்ணியம் பேசும் எங்கள் தரப்பு கண்ணெடுத்தும் பார்ப்பதில்லை. கைதானவர்களில் 47,951 பேர் பெண்கள். ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. பெரும்பாலும் மாமியார், நாத்தனார், ஓரகத்தி. சர்க்கரை நோய்க்கு ஊசி போட்டுக்கொண்டிருக்கும் அறுபது வயது அம்மாளை ஓர் இரவு லாக்கப்பில் வைத்தால்தான் மகன் பணிவான் என்று கணக்குப் போடும் வக்கீல் இருக்கிறார் என்றால், அதைத் தட்டிக் கேட்பதும் பெண்ணியத்தின் வேலைதான். மாமியார்களில் கொடுமைக்காரிகள் இல்லாமலில்லை. எனக்கே தெரிந்த சிலர் உண்டு. ஆனால் குடும்ப அட்டையில் பெயர் இருப்பதே குற்றம் என்ற முறையில் புகார் எழுதுவதை எந்த நியாயத்தாலும் தாங்கிப் பிடிக்க முடியாது. ஏழாண்டுக்குட்பட்ட தண்டனையுள்ள குற்றங்களில் எழுத்து மூலம் காரணம் பதிவு செய்யாமல் கைது கூடாது என்று அர்னேஷ் குமார் தீர்ப்பு சொன்னதை, பெண்களுக்கு எதிரான தீர்ப்பு என்று சில தோழியர் இன்றும் ஏசுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 2017இல் மாவட்டந்தோறும் குடும்ப நலக் குழு அமைத்து அது புகாரை வடிகட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னதும், 2018இல் அதை நீக்கியதும், 2025 ஜூலையில் அலகாபாத் உயர் நீதிமன்றம் வகுத்த அதே போன்ற குழு முறைக்கு மீண்டும் ஒப்புதல் அளித்ததும் வேறு கதை. அந்தக் குழு முறையில் அடிபட்டவள் இரண்டு மாதம் பொறுத்திருக்க வேண்டும் என்ற ஏற்பாட்டை என்னால் ஏற்க முடியவில்லை.

‘சட்டப் பயங்கரவாதம்’ என்று உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது என்பது வாட்ஸ்அப்பில் அடிக்கடி சுற்றும் மேற்கோள். 2005இல் அந்தத் தொடரைப் பயன்படுத்திய அதே தீர்ப்புதான், தவறாகப் பயன்படுத்தப்படலாம் என்பதற்காக ஒரு பிரிவு செல்லாததாகிவிடாது என்று 498ஏ பிரிவை நிலைநிறுத்தியது. இதைச் சொன்னால் பேச்சு வேறு பக்கம் போய்விடும்.

வரதட்சணையின் கதையில் எழுத்துக்கு இருக்கும் இடம் விந்தையானது. பாளையங்கோட்டையில் என் கல்யாண மண்டபத்தின் வாசலில் மேசை போட்டு, சித்தப்பா ஒருவர் நீள நோட்டுப் புத்தகத்தில் மொய் எழுதிக்கொண்டிருந்தார். ஊர், பெயர், தொகை, பித்தளைக் குடம் என்றால் குடம், தாய்மாமன் சீர் என்றால் அதற்குத் தனிப் பக்கம். ஒரு ரூபாய் பிசகாது. அந்த நோட்டு இன்றும் அம்மா வீட்டுப் பீரோவில் இருக்கிறது. மணமக்களுக்கு வந்த பரிசுகளைப் பெயர், மதிப்பு, கொடுத்தவரின் உறவுமுறையோடு பட்டியலிட்டு இருவரும் கையெழுத்திட வேண்டும் என்று 1985ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. எத்தனை பவுன் போட்டார்கள் என்பது தெருவுக்கே தெரிந்த என் கல்யாணத்தில் அப்படியொரு பட்டியல் எழுதப்படவில்லை. என் தங்கையர் கல்யாணங்களிலும் இல்லை. பெண்ணுக்குப் போட்டது அவளுடைய தனிச்சொத்து, கணவன் வீட்டார் அதைக் காப்பவர்களே தவிர உடைமையாளர்கள் அல்லர் என்று 1985இல் பிரதிபா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை நிலைநாட்டக் கையில் காகிதம் வேண்டுமே. காகிதம் இல்லாததால்தான் பெண் தன் நகையைக் கேட்க அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்குப் போகிறாள். 1992இல் தமிழ்நாட்டில் தொடங்கிய அந்த நிலையங்களில் நடப்பதில் பாதி, பீரோ, கட்டில், பாத்திரம், பவுன் என்று திருப்பி வாங்கிக் கொடுக்கும் பஞ்சாயத்துதான். சிவில் நீதிமன்றம் செய்ய வேண்டிய பாகப்பிரிவினையைக் கைது என்ற மிரட்டலை வைத்துக் காவல்துறை செய்கிறது.

டர்பன் தமிழர்களிடம் வரதட்சணை ஏன் வேரூன்றவில்லை என்ற கேள்விக்கு, அவர்கள் நம்மைவிட நல்லவர்கள் என்பது விடையாகாது. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் வந்தது முதல் 1911 வரை டர்பனை உள்ளடக்கிய நேட்டாலுக்கு வந்த ஒப்பந்தக் கூலிகள் 1,52,184 பேர். நூறு ஆணுக்கு ஏறத்தாழ நாற்பது பெண் என்பதே அந்நாளைய விகிதம். பெண் கிடைப்பது அரிதான இடத்தில் மாப்பிள்ளை வீட்டார்தான் கொடுக்க வேண்டியிருந்தது. வந்தவர்களில் பெரும்பாலோர், ஊரிலும் பெண்ணுக்குப் பரிசம் போட்டுக் கல்யாணம் செய்த சாதியினர். தமிழ்நாட்டில் அந்தச் சாதிகள் இருபதாம் நூற்றாண்டில் படிப்பும் சம்பள வேலையும் வந்தபோது பரிசத்தை விட்டு வரதட்சணைக்கு மாறின. கடல் கடந்தவர்கள் அந்த மாற்றத்துக்கு முன்பே கிளம்பிவிட்டார்கள். கரும்புத் தோட்டத்தில் ஆணுக்குப் பாதிக் கூலி என்றாலும் பெண்ணும் கூலி வாங்கினாள் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

ஆனால் சாட்ஸ்வொர்த்தில் எண்பது வயதைக் கடந்த ஓர் ஆயா, நான் வியந்து பேசியதைக் கேட்டு, ‘எங்க காலத்துல தாலியும் சேலையும் மாப்பிள்ளை வூடுதான் கொண்டாரணும் கண்ணு. அதுக்காக அடி வாங்காதவ எவ இருந்தா?’ என்றார். வரதட்சணையே இல்லாத ஒரு தமிழ்ச் சமூகத்தில் மனைவியை அடிப்பது நின்றுவிடவில்லை. இந்த நாட்டில் பெண்கள் கொல்லப்படும் விகிதம் உலகச் சராசரியைவிடப் பல மடங்கு அதிகம். பாதுகாப்பு ஆணையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே கொல்லப்பட்டவர்கள் உண்டு. ஆகவே இங்கே சட்டம் சொர்க்கத்தை உண்டாக்கிவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை. வன்முறைக்குப் பணப் பேராசை என்ற ஒரே காரணத்தை ஒட்டிவைக்காததால், அடிபட்டவள் தன் கதையை மாற்றிச் சொல்ல வேண்டியதில்லை என்பது மட்டுமே இதில் நான் காணும் நன்மை. ஆணும் இதே படிவத்தை நிரப்பலாம், மாமியாரும் நிரப்பலாம். ஆணை மீறப்பட்டதாகத் தெரிந்தே பொய்ப் பிரமாணம் செய்தால் இரண்டாண்டு வரை சிறை. வழக்குத் துஷ்பிரயோகம் பற்றிய புலம்பல் இங்கே அறவே இல்லை என்று சொல்ல முடியாது, ஆனால் நம் ஊர்போல அது ஓர் இயக்கமாகவில்லை.

சொத்து விஷயத்தில் வேறுபாடு இன்னும் ஆழமானது. முன்கூட்டியே ஒப்பந்தம் எழுதிக்கொள்ளாமல் தென்னாப்பிரிக்காவில் மணம் செய்துகொண்டால், இருவர் சொத்தும் கடனும் ஒன்றாகிவிடும். பிரியும்போது ஆளுக்குப் பாதி. பிறந்த வீட்டிலிருந்து எதுவும் கொண்டுவராமல் வந்த பெண்ணுக்கும் வீட்டில் பாதி உண்டு என்றால், அவளுக்கு விலங்காகவும் கேடயமாகவும் நூறு பவுனைப் போட்டு அனுப்ப வேண்டிய அவசியம் குறைகிறது. இந்தியாவில் கோவா போன்ற ஓரிரு இடங்களைத் தவிர அப்படியொரு விதி கிடையாது. தமிழ்நாடு 1989இலும், நாடு முழுவதும் 2005இலும் மகளுக்குப் பிறந்த வீட்டுக் கூட்டுக்குடும்பச் சொத்தில் பங்கு தந்தார்கள். கணவரோடு சேர்ந்து உழைத்துக் கட்டிய வீட்டில் பங்கு இன்னும் வரவில்லை. டர்பனில் குடியிருக்கும் இந்தியத் தம்பதியருக்கும் இதில் ஒரு பொறி இருக்கிறது. மணமானபோது கணவரின் நிரந்தர வசிப்பிடமாக இருந்த நாட்டின் சட்டமே சொத்துரிமையைத் தீர்மானிக்கும் என்பது இங்குள்ள நீதிமன்றங்களின் பழைய விதி. கணவரின் வசிப்பிடம், மனைவியுடையதன்று. ஒரே அடுக்குமாடியில் எதிர்வீட்டு சாட்ஸ்வொர்த் பெண்ணுக்குப் பாதி வீடு. மதுரையில் தாலி கட்டி வந்தவளுக்கு மதுரைச் சட்டம்.

‘அக்கா, சமத்துவம் வேணும்னு கேக்குறீங்க, அப்புறம் ஜீவனாம்சம் எதுக்கு?’ என்று ஒரு தம்பி என்னைக் கேட்டார். அவருடைய மனைவி சென்னையில் வங்கி வேலையை விட்டுவிட்டு வந்தவர். துணைவி விசாவில் இங்கே வேலை பார்க்க முடியாது. அந்த இழப்பை யார் கணக்கில் எழுதுவது என்று கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்து, அப்படியானால் சம்பாதித்த சொத்தில் பங்கு என்று சட்டம் நேராகச் சொல்லட்டும், போலீஸை வைத்து மிரட்டுவானேன் என்றார். நானும் அதைத்தான் சொல்கிறேன். ஆனால் ஆண்கள் சங்கங்களின் கோரிக்கைப் பட்டியலில் 498ஏ பிரிவை நீக்க வேண்டும் என்பதைக் கண்டிருக்கிறேனே தவிர, மனைவிக்குப் பாதிச் சொத்து என்பதைக் கண்டதில்லை.

நீக்கக் கூடாது என்பதே என் நிலை. நகையும் பணமும் கேட்டு வாட்டுவது நம் ஊரில் இன்றும் நடப்பதுதான். வெளிநாட்டு மாப்பிள்ளை என்றால் விலை கூடுகிறது. கணவர் டர்பனில் இருக்க, மனைவி விரட்டப்பட்டுப் பிறந்த வீட்டில் தஞ்சம் புகுந்தால் அங்கிருந்தே புகார் கொடுக்கலாம் என்று 2019 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ரூபாலி தேவி வழக்கில் தீர்ப்பளித்திருப்பது, இங்கிருந்து திரும்பிச் செல்லும் பெண்களுக்குப் பெரிய பிடிமானம். மாற்ற வேண்டியது வேறு. நீதிமன்றத்தின் அனுமதியோடு சமரசம் செய்துகொள்ளும் வகையில் 498ஏ பிரிவைத் திருத்தலாம் என்று சட்ட ஆணையம் தன் 243ஆம் அறிக்கையில் 2012இலேயே பரிந்துரைத்தது. கைது அதிகாரத்தைக் கட்டுப்பாட்டோடு வைத்துக்கொள்வது, சமரசத்துக்கு வாசலைத் திறப்பது, அந்தச் சமரசம் மிரட்டி வாங்கியதா என்று மாஜிஸ்திரேட் பெண்ணைத் தனியே அழைத்துக் கேட்பது ஆகியவற்றைச் செய்ய 2023இல் புதிய சட்டம் எழுதியவர்களுக்கு நல்ல வாய்ப்பு இருந்தது. 2024 மே மாதம், சட்டம் நடைமுறைக்கு வருமுன், 498ஏ பிரிவின் புதிய வடிவமான 85, 86 பிரிவுகளை மறுபடி பார்க்கும்படி உச்ச நீதிமன்றமும் நாடாளுமன்றத்தைக் கேட்டுக்கொண்டது. ஜூலை 1 வந்தது. பிரிவுகள் அப்படியே வந்தன. சமாதானமாகப் பிரிய விரும்பும் பெண் இன்றும் சாட்சிக் கூண்டில் ஏறி, தன்னை யாரும் அடிக்கவில்லை என்றுதான் சொல்லியாக வேண்டியிருக்கிறது.